தொண்ணூற்றேழாவது வளைவு

மேல்நாணலிலிருந்து கீழ்நாணலுக்கு இறங்கும் காட்டுப் பாதையில் யாராவது காலை ஊன்றினால், மறுநாள் விடிவதற்குள் அந்த இடத்தில் ஒரு வளைவு முளைத்துவிடும். அதனால் அங்கே யாரும் நடப்பதில்லை. சைக்கிளில் போவார்கள். பாதையின் மேல் முனையில் ஒரு இறங்குகல், கீழே ஆற்றங்கரையில் ஒரு இறங்குகல். அந்த இரண்டு கல்லின்மேல் மட்டும் காலை ஊன்றலாம். நடுவில் களைத்துப்போனால் ஒரு மரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளிலேயே உட்கார்ந்திருக்கலாம். கைக்குக் கணக்கில்லை. அதற்கென்று ஏழு மரங்கள் இருந்தன: மூன்று கடுக்காய், இரண்டு வேங்கை, ஒரு பலா, ஒரு பட்டுப்போன தேக்கு.

மாசிலாமணி அந்தப் பாதையின் ஓட்டி. ஊராட்சியில் அவருடைய பதவிக்கு அதுதான் பெயர். வயது ஐம்பத்தொன்பது. அதிகம் பேசமாட்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, ஆனால் எண்ணிக்கையில் பிசகமாட்டார். காலை ஆறு மணிக்கு மேல்நாணலில் கிளம்பி, கீழ்நாணலுக்கு வேண்டிய தபாலையும் மாத்திரையையும் உப்பையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மாலை ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். ஒரு நாள் ஓட்டாமல் விட்டால் பாதைக்குத் தான் போகுமிடம் மறந்துவிடும். ஆறு மணிக்குமேல் பாதை படுத்துவிடும். படுத்த பாதையில் சக்கரம் உருளாது, இறங்கித்தான் நிற்க வேண்டும். அவருக்கு முன் இருந்த வீரபத்திரன் என்ற ஓட்டி ஒருமுறை அப்படி அகப்பட்டு, விடியும்வரை கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதில் ஒரே இடத்தில் பத்தொன்பது வளைவுகள் முளைத்தன. அந்த இடத்துக்கு வீரபத்திரன் சுருள் என்று பெயர்.

மாசிலாமணியிடம் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று வளைவுப் பதிவேடு. அதில் வளைவின் எண், ஊன்றியவர் பெயர், எந்தக் கால், காரணம் என்று நான்கு கட்டங்கள். எண் என்பது முளைத்த வரிசைப்படிதான், இடத்தின் வரிசைப்படி அல்ல. காரணம் என்ற கட்டத்தில் ‘பாம்பு’, ‘தும்மல்’, ‘பலாப்பழ வாசனை’, ‘எதிரே மாமனார்’ என்றெல்லாம் எழுதியிருக்கும். இன்னொன்று நாட்குறிப்பு. அதில் அன்றன்றைக்குப் பாதையில் எதிரே வந்தவர் யார், வழிவிட்டவர் யார் என்று எழுதவேண்டும். மேலே ஏறுகிறவருக்குக் கீழே இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது முறை.

ஊராட்சி அலுவலக வாசலில் ஒரு கரும்பலகை தொங்கியது. ‘ஓட்டி காலூன்றாத நாட்கள்’ என்று மேலே பெயின்டில் எழுதியிருந்தது. கீழே சுண்ணாம்புக்கட்டியில் 11,341.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பாதையில் நாற்பத்துமூன்று வளைவுகள் இருந்தன. ஒரு வளைவு இறங்க ஒன்றரை நிமிடம், ஏற நாலரை நிமிடம், ஆக ஆறு நிமிடம். அப்போதெல்லாம் போகவர நாலு மணி பதினெட்டு நிமிடம் போக, மிச்சம் ஏழு மணி நாற்பத்திரண்டு நிமிடம் கீழ்நாணலில் இருப்பார். இப்போது வளைவுகள் நூற்றுப் பதினெட்டு. மிச்சம் பன்னிரண்டு நிமிடம்.

அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அவர் மனைவி காத்தாயியோடு இருப்பார்.

காத்தாயி கீழ்நாணலில் ஆற்றுக்கு அளவு சொல்பவள். இறங்குகல்லுக்கு எதிரே அவள் வீடு. வீட்டுக்கு ஒரே வாசல், அது பாதையைப் பார்த்திருக்கும். அடுப்படி ஜன்னல் ஆற்றைப் பார்த்திருக்கும். நாணலாற்றின் நடுவே அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். காலை ஆறுக்கும் ஒன்பதுக்கும் மாலை ஆறுக்கும் அந்தக் கல்லைப் பார்த்து, “மூணடி நாலங்குலம்” என்பதுபோல உரக்கச் சொல்ல வேண்டும். ஆற்றுக்குத் தன் ஆழம் தானாகத் தெரியாது. யாரும் சொல்லாவிட்டால் கரையேறி வீடுவீடாக வந்து கேட்கும். அதனால் காத்தாயி மேலே வந்து தங்க முடியாது. பாதையை ஏறியும் ஓட்ட வேண்டியிருப்பதால் மாசிலாமணி கீழே தங்க முடியாது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். ஒரு ராத்திரியும் அவர் அந்த வீட்டில் தூங்கியதில்லை.

நேரம் குறையக் குறைய அவர்கள் செய்யும் காரியங்களும் சின்னதாகிக்கொண்டு வந்தன. முதலில் சமைத்துச் சாப்பிட்டு, மதியம் படுத்து எழுந்தார்கள். பிறகு சாப்பிட மட்டும் செய்தார்கள். பன்னிரண்டு நிமிடம் என்றானபின் காத்தாயி அவருக்கு முடி வெட்டிவிட நான்கு நாள் பிடித்தது. ஒரு நாளைக்குக் கால் தலை. மேல்நாணலில் அவர் பாதி வெட்டிய தலையோடு போவார், வருவார். யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

பேச்சும் அப்படித்தான். ஒன்பது வருடமாக அவர்களுக்குள் ஒரே சண்டை, அதுவும் ஒரே கேள்வி. கத்தரிக்கோல் சத்தத்துக்கு நடுவே காத்தாயி கேட்பாள்: “தொண்ணூத்தேழு யாருதுங்க?”

“தெரியல.”

“நூத்திப் பதினெட்டுல நூத்திப் பதினேழு தெரியுது. இது ஒண்ணு மட்டும் தெரியலையாக்கும்.”

“நேரமாயிடுச்சு, துணியை எடு.”

வளைவுப் பதிவேட்டில் தொண்ணூற்றேழுக்கு எதிரே ‘பெயர் தெரியவில்லை’ என்று மாசிலாமணியின் கையெழுத்தில் இருந்தது. அது ஆற்றங்கரையிலிருந்து மேலே ஏறும் முதல் மேட்டில், மூங்கில் புதரைத் தாண்டி இருந்தது. மற்ற வளைவுகள் இடமாகவோ வலமாகவோ திரும்பிவிட்டுப் போகும். இது மட்டும் ஏறிப்போகிறவரை முழுக்கத் திருப்பி, முகத்தை ஆற்றங்கரைப் பக்கம் காட்டவைத்து, நாற்பது எண்ணும் நேரம் அப்படியே கொண்டுபோய்விட்டு, மறுபடி மலைப்பக்கம் திருப்பிவிடும். தினமும் காலை ஒன்பதே காலுக்கு வாசலில் நின்றால் காத்தாயிக்கு அவர் முகம் விரல்நகம் அளவு தெரியும்.

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை நகரத்திலிருந்து மூன்று பேர் மலை சைக்கிள் ஓட்ட வந்தார்கள். ஹெல்மெட், கைக்கு உறை, முதுகில் தண்ணீர்ப் பை. சைக்கிள்களுக்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங். ஊராட்சியில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மாசிலாமணியின் பின்னால் வந்தார்கள். நன்றாகத்தான் ஓட்டினார்கள். வேர்ப்படிகளில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு விரலால் பிரேக்கைத் தடவித் தடவி இறங்கினார்கள். ஓடைக்கல்லில் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்தார்கள். மூடுபனி விலகிய ஒரு இடத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்தது. ஆறு ஈய நிறத்தில் கிடந்தது. நடுவில் வந்த பையன் நின்றான். இடது காலை ஊன்றினான். போனை எடுத்தான்.

“தம்பி, கால்” என்றார் மாசிலாமணி.

“ஏன் அங்கிள், அட்டையா?”

“வளைவு.”

பையன் காலைப் பார்த்தான். “ஓ. ஸாரி அங்கிள். இதோட எத்தனை?”

“நூத்திப் பத்தொன்பது.”

“நான் வேணா திருப்பி எடுத்துக்கட்டுமா? எடுக்கலாம்ல?”

எடுக்கலாம். முளைத்தபின் ஊன்றியவரே வந்து, அதே காலை அதே இடத்தில், முன்பு எவ்வளவு நேரம் நின்றாரோ அவ்வளவு நேரம் ஊன்றி எடுத்தால், வளைவு காலோடு வந்துவிடும். ஆனால் எடுத்தவர் அதைத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். காட்டில் போட்டால் அங்கேயே வேர்விடும், ஆற்றில் போட்டால் ஆறு சுற்றிக்கொள்ளும். மாசிலாமணி இதைச் சொன்னார்.

முன்னால் நின்ற கூட்டாளி சிரித்தான். “டேய், உன் வீடு நாலாவது மாடி. லிப்ட்ல ஏறுமாடா அது?”

“லிப்டை விடு. அசோசியேஷன்ல விடமாட்டாங்க. நாய்க்கே விடல” என்றான் பையன். “சாயங்காலம் பஸ் வேற இருக்கு அங்கிள்.” உண்மையிலேயே வருத்தப்பட்டான். பெயரைக் கேட்டபோது எழுத்துக்கூட்டிச் சொன்னான். காரணம் என்ற கட்டத்தில் மாசிலாமணி ‘அழகு’ என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் மிச்சம் ஆறு நிமிடம். காத்தாயி அவர் தலையில் வலப்பக்கத்தை வெட்டத் தொடங்கியிருந்தாள். ஆறு நிமிடத்தில் அரைக்கால் தலை ஆனது.

“இப்படியே போனா நான் வெட்டி முடிக்கறதுக்குள்ள மொதல்ல வெட்டுனது வளந்துரும்” என்றாள்.

“வளரட்டும்.”

“தொண்ணூத்தேழு யாருதுங்க?”

அவர் கல்லிலிருந்து காலை எடுத்து மிதித்தார்.

புது வளைவு என்றால் ஊராட்சி சரிபார்க்க வேண்டும். கிளார்க்கு குப்புராசு புதன்கிழமை வந்தார். மாசிலாமணியைவிடப் பதினெட்டு வயது இளையவர், மிகவும் ஒழுங்கானவர், பாக்கெட்டில் எப்போதும் ஒரு அளவு நாடா வைத்திருப்பவர். ஊராட்சியின் இன்னொரு சைக்கிளில் பின்னாலேயே தட்டுத்தடுமாறி வந்துவிட்டார். நூற்றுப் பத்தொன்பதாவது வளைவில் நாடாவின் ஒரு முனையை மாசிலாமணியிடம் கொடுத்தார். மாசிலாமணி வேங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் இருந்தபடியே அதை வாங்கிக்கொண்டார். கிளார்க்கு வளைவின் கடைசிவரை ஓட்டிப்போய், இறங்கி மறுமுனையைத் தரையில் வைத்தார்.

“சார், இறங்கிட்டீங்க” என்றார் மாசிலாமணி.

“அளக்கணும்லண்ணே. சைக்கிள்ல இருந்துக்கிட்டு எப்படி அளக்கறது?”

“வாஸ்தவந்தாங்க.”

“எட்டு மீட்டர் இருபது. எழுதிக்குங்க.” அளந்து முடித்தபின் கிளார்க்கு தன் கால்களைப் பார்த்தார். “இது நூத்தி இருபதா?”

“வலது கால்தான் முதல்ல பட்டது. அதனால ஒண்ணுதாங்க.”

“காரணத்துல பணி நிமித்தம்னு போடுங்க.”

“நீங்க எடுத்துக்கலாம் சார், நாளைக்கு வந்து.”

“நான் இருக்கறது ஊராட்சிக் குடியிருப்புண்ணே. குடியிருப்புக்குள்ள வளைவு வைக்க அனுமதி இல்ல. அனுமதி வேணும்னா என்கிட்ட நானே எழுதிக் கேட்டு, நானே மறுக்கணும்.” சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பி மேலே ஏறிப்போனார்.

நூற்றிருபது வளைவு. நூற்றிருபதை ஆறால் பெருக்கினால் எழுநூற்றிருபது. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் எழுநூற்றிருபது நிமிடம்தான். மிச்சம் ஒன்றுமில்லை.

மிச்சம் ஒன்றுமில்லை என்றால் என்ன ஆகும் என்பது மேல்நாணலில் எல்லாருக்கும் தெரியும். இறங்குகல்லில் கால் படாமல் திரும்பி வந்தால் அது போய்வந்ததாக ஆகாது. தொடர்ந்து ஏழு நாள் யாரும் போய்வராத ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். நடுநாணலை அப்படித்தான் பதினான்கு வருடத்துக்கு முன்பு எடுத்தார்கள். மழை விட்ட காலைகளில் நடுநாணலின் அடுப்புப் புகை இன்றைக்கும் தெரிகிறது. எந்தத் திசையில் தெரிகிறது என்பதைத்தான் யாராலும் சொல்ல முடிவதில்லை.

முதல் நாள், வியாழக்கிழமை, மாசிலாமணி சரியாக ஒன்பது மணிக்கு ஆற்றங்கரையில் இறங்கினார். தபால் பையைக் கொக்கியில் மாட்டியபடியே இறங்குகல்லைச் சுற்றித் திரும்பினார். அந்தத் திருப்பத்துக்குப் பதினோரு எண்ணிக்கை பிடித்தது. காத்தாயி ஜன்னலில் அளவு சொல்லிவிட்டு ஓடிவந்து கல்லின்மேல் நின்றிருந்தாள். கையில் கத்தரிக்கோல் இருந்தது. அவர் தலையில் வலப்பக்கம் பின்னால் அரைக்கால் பாகம் வெட்டாமல் நின்றது. திருப்பத்தில் அவளால் ஒரு வாக்கியம்தான் சொல்ல முடிந்தது.

“தொண்ணூத்தேழு யாருதுங்க?”

பதினோரு எண்ணிக்கை முடிந்தது. அவர் மேட்டில் ஏறிவிட்டார். பதில் சொல்லும் முறை மறுநாள்தான்.

மழை பிடித்துக்கொண்டது. சருகுகள் ஊறி டயரின் பல்லிடுக்கில் அப்பின. கடுக்காய் மரங்களிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. கடைசிக் கியரில் ஒன்பது மணி நேரம் ஏறும்போது மாசிலாமணி வழக்கமாக மிதியை எண்ணுவார். அன்றைக்கு எண்ணவில்லை.

இரண்டாம் நாள் திருப்பத்தில் அவர் சொன்னார்: “என்னுது.”

அவளுடைய முறை மறுநாள்.

மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: “எதுக்கு ஊனுனீங்க?”

நான்காம் நாள் அவர் சொன்னார்: “திரும்பி வந்துரலாம்னு.”

ஐந்தாம் நாள் அவள் சொன்னாள்: “வரலைங்களே.”

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அது பதினோரு எண்ணிக்கைக்குள் அடங்குவது அல்ல. ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள், மிச்சம் இரண்டு மணி இருபத்துநான்கு நிமிடம் இருந்த காலத்தில், காத்தாயிக்குக் காய்ச்சல். “இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போங்க” என்றாள். இருந்தால் பாதைக்கு மேல்நாணல் மறந்துபோகும். அவர் கிளம்பினார். மூங்கில் புதரைத் தாண்டியதும் இடது காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார். தூறிக்கொண்டிருந்தது. நாற்பது எண்ணினார். பிறகு காலை எடுத்துக்கொண்டு மேலே போனார். அன்று அந்தப் பாதையில் வேறு யாரும் போகவில்லை. மறுநாள் பதிவேட்டைத் திறந்து ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதினார். ஐந்து நாளில் காய்ச்சல் விட்டது. காத்தாயி எழுந்து வாசலில் நின்றபோது மேட்டில் அவர் முகம் தெரிந்தது.

ஐந்தாம் நாள் மாலை மேல்நாணலுக்கு வந்ததும் அவர் நேராக அலுவலகத்துக்குப் போனார். கிளார்க்கு பூட்டுவதற்காக எழுந்தவர், மறுபடி உட்கார்ந்தார்.

“வளைவைத் திருப்பி எடுக்க மனு வேணுங்க.”

“எந்த வளைவுண்ணே?”

“தொண்ணூத்தேழு.”

கிளார்க்கு பதிவேட்டைப் புரட்டினார். “பெயர் தெரியவில்லைன்னு இருக்கு. அன்னைக்குப் பாதையில யார் யார் போனது?”

“நான் மட்டுந்தாங்க.”

“அப்புறம் ஏன் இப்படி எழுதியிருக்கு?”

“பேர் தெரியுங்க. எழுத வரல.”

“சரி.” கிளார்க்கு பழைய எழுத்தை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு நோட்டைத் திருப்பிவைத்தார். மாசிலாமணி பெயரை எழுதினார். இடது கால் என்று எழுதினார். காரணத்தில் ‘திரும்பிப் பார்த்தது’ என்று எழுதினார். கிளார்க்கு வெளியே போய்க் கரும்பலகையில் இருந்த எண்ணை ஈரத்துணியால் துடைத்து, விரல்விட்டுக் கணக்குப் போட்டு, 3,304 என்று எழுதினார்.

“மூவாயிரத்து முந்நூத்தி ஆறுங்க” என்றார் மாசிலாமணி. “நடுவுல ரெண்டு லீப் வருஷம் இருக்கு.”

கிளார்க்கு திருத்தினார். உள்ளே வந்து மனுவை நிரப்பத் தொடங்கினார்.

“வளைவை வைக்கப்போகும் வீட்டு முகவரி. நீங்களும் குடியிருப்புலதாண்ணே இருக்கீங்க. அங்க வைக்க முடியாது. சொந்தமா வீடு இருக்கா?”

மாசிலாமணி கொஞ்ச நேரம் கூரையிலிருந்து வாளியில் சொட்டுவதை எண்ணினார். “காத்தாயி வீடு, ஆற்றங்கரை, கீழ்நாணல்.”

“அது உங்க வீடா?”

“ஆமாங்க.”

“எத்தனை ராத்திரி தங்கியிருக்கீங்க?”

“ஒண்ணும் இல்லீங்க.”

கிளார்க்கு அதையும் எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார். “இடம் போதுமா பாத்துக்குங்க. வளைவு வீட்டுக்குள்ள போனாலும் வளைவுதான். போக ஒண்ணரை, வர நாலரை. அது மேல யாரும் காலை வைக்கவும் கூடாது.”

“தெரியுங்க.”

ஆறாம் நாள் திருப்பத்தில் அவர் சொன்னார்: “நாளைக்கு அதை எடுத்துடறேன்.”

அது அவருடைய முறை. ஆனால் காத்தாயி முறை பார்க்காமல் அதே திருப்பத்திலேயே சொன்னாள்: “எடுத்தா மூஞ்சி தெரியாதுங்க.” பாதிதான் அவர் காதில் விழுந்தது. மீதியை அன்று ஏறும்போது தொண்ணூற்றேழாவது வளைவில்தான் புரிந்துகொண்டார். பாதை அவரைத் திருப்பி ஆற்றைக் காட்டியபோது காத்தாயி வாசலில் நின்றிருந்தாள், அவளும் விரல்நகம் அளவுதான். கையிலிருந்த கத்தரிக்கோலை உயர்த்திக் காட்டினாள். மழையில் அது மட்டும் மினுங்கியது. நாற்பது எண்ணும்வரை பார்த்துவிட்டு மலைப்பக்கம் திரும்பினார்.

ஏழாம் நாள், புதன்கிழமை, மூங்கில் புதருக்கு மேலே அவர் பிரேக்கை அழுத்தினார். முப்பத்தொரு வருடத்தில் இரண்டாவது முறையாக இடது காலைப் பாதையில் ஊன்றினார். மண் சில்லென்று இருந்தது. நாற்பது எண்ணி எடுத்தார். களிமண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருவதுபோல வளைவு காலோடு வந்துவிட்டது. நனைந்த கயிற்றுப்பாய் அளவு இருந்தது. அதில் மூன்று கல், ஒரு வேர், ஒன்பது வருடத்துக்கு முந்தைய தூறலின் ஈரம். சைக்கிளில் இருந்தபடியே காலைச் சாக்குக்குள் உதறி, வாயைக் கட்டி, ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டார். கன்றுக்குட்டி கனம் கனத்தது. அவருக்கு எதிரே பாதை நேராகக் கீழே இறங்கியது.

இறங்குகல்லில் காலை ஊன்றினார். மிச்சம் ஆறு நிமிடம் இருந்தது. கீழ்நாணல் பட்டியலில் நின்றுவிட்டது. காத்தாயி ஒன்பது மணி அளவைச் சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றிருந்தாள். இவர் உள்ளே ஓட்டிவந்து, சாக்கின் கட்டை அவிழ்த்து, வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவில் கவிழ்த்தார். வளைவு புரண்டு சுவரோரம் இடம் பிடித்துக்கொண்டது. எட்டடி அகல வீட்டில் அடுப்படி கொஞ்சம் தூரமாகப் போயிற்று.

“ஆறு நிமிஷத்தை மிச்சம்பிடிச்சு, ஆறு நிமிஷத்தையும் இதுக்குள்ளயே கொட்டியாச்சு” என்றாள் காத்தாயி. அந்தப் பக்கத்திலிருந்து குரல் மெலிதாக வந்தது.

“ஆமா.”

“கணக்குத் தெரிஞ்சுதானே பண்ணுனீங்க?”

“தெரிஞ்சுதான்.”

“முடி மட்டும் பாக்கி நிக்குது.”

அவர் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மறுநாள் வியாழக்கிழமை. இனி கல்லைச் சுற்ற வேண்டியதில்லை என்பதால், கல்லில் ஒரு கணம் காலை வைத்து எடுத்துவிட்டு வாசற்படி ஏறி வீட்டுக்குள் ஓட்டினார். வளைவு அவரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிச் சுற்றிக்கொண்டு போனது. சுவரில் தொங்கிய காலண்டர், அரிவாள்மணை, கயிற்றில் காய்ந்த சேலை எல்லாம் மெல்ல நகர்ந்தன. ஒன்றரை நிமிடத்தில் அடுப்பின் ஓரத்தைச் சக்கரம் தொட்டது. நிற்க நேரமில்லை. அப்படியே திருப்பி, கடைசிக் கியரைப் போட்டு, வெளியே ஏறத் தொடங்கினார். வளைவின் நடுவில் அது எப்போதும் செய்வதைச் செய்தது. ஏறிப்போகிறவரை முழுக்கத் திருப்பி முகத்தை அடுப்படிப் பக்கம் காட்டியது.

காத்தாயி நாலடி தூரத்தில் நின்றிருந்தாள். ஒன்பது வருடமாக விரல்நகம் அளவில் பார்த்த முகம் தலை அளவுக்கு இருந்தது. அவர் மிதித்துக்கொண்டே எண்ணினார். பன்னிரண்டில் அவள் கையை நீட்டினாள். காலை அந்தப் பக்கம் வைக்காமல், இடுப்பை அடுப்பு மேடையில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, எட்டிய மட்டும் கத்தரிக்கோலை நீட்டினாள். கைக்குக் கணக்கில்லை. இருபதுக்குள் இரண்டு வெட்டு விழுந்தது. முடி வளைவின்மேல் உதிர்ந்தது.

“காதுக்குப் பின்னால நரைச்சிருச்சு” என்றாள். “தூரத்துல தெரியல.”

இருபத்திரண்டு, இருபத்துமூன்று.

“காய்ச்சலன்னிக்குப் பார்த்தது இவ்வளவு நேரந்தானா?”

“நாப்பது.”

“கம்மிதான்.”

இருபத்தெட்டு எண்ணும்போது இரண்டு பேருக்கும் ஒன்று தெரிந்தது. மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. காத்தாயி இன்னும் அளவு சொல்லவில்லை.

வாசலில் நிழல் தட்டியது. நாணலாறு கரையேறி வந்திருந்தது. இறங்குகல்லைச் சுற்றி, படியேறி, நிலைப்படிக்கு மேல் ஓரடி உயரத்தில் பழுப்பாக நின்றது. மூங்கில் இலைகளும் ஒரு பட்ட கிளையும் அதில் மிதந்தன. கேட்பதற்காக உள்ளே இறங்கியது. வளைவின் தொடக்கத்துக்கு வந்தபோது எதிரே ஒருவர் சைக்கிளில் ஏறிவருவதைப் பார்த்தது.

ஆறு ஒதுங்கியது. கதவோரமாகச் சுருண்டு, நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. காத்தாயி இன்னும் ஒரு வெட்டு வெட்டினாள். அவரும் அவளும் ஆற்றின் பக்கம் திரும்பவில்லை. முப்பத்தொன்பது. நாற்பது. வளைவு அவரை வாசல் பக்கம் திருப்பியது. பின்னால் காத்தாயி ஜன்னல் வழியாக அளவுக்கல்லைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: “மூணடி ஏழங்குலம்!” மாசிலாமணி ஆற்றைக் கடந்து வாசற்படியில் இறங்கி, கல்லைத் தாண்டி, நேரான மேட்டில் ஏறினார்.

சரியாக ஆறு மணிக்கு மேல்நாணல் இறங்குகல்லில் காலை ஊன்றினார். அலுவலகத்தில் நாட்குறிப்பைத் திறந்து, எதிரே வந்தவர் என்ற கட்டத்தில் ‘ஆறு’ என்று எழுதினார். வழிவிட்டவர் என்ற கட்டத்திலும் அதையே எழுதினார். பேனாவை மூடப் போனவர், கொஞ்சம் யோசித்து, குறிப்பு என்ற இடத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘ஆற்றுக்கு முறை தெரிந்திருக்கிறது. நாளையும் ஒன்பது மணிக்கு வரும்.’